லண்டனுக்கு ஒன்பது மணித்தியாலம்

கட்டுகஸ்தோட்டையில் வேன் வைத்திருக்கும் எல்லோருமே ஆட்களை ஏற்றிக்கொண்டு எயார்போட் ஹயர் போகிறவர்கள்தான். ஆனால் எந்த ஊருக்கு விமானம் எத்தனை மணித்தியாலம் பறக்கும் என்று கேட்க வேண்டுமானால் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். துபாய்க்கு நாலரை, தோஹாவுக்கு ஐந்து, மெல்பேர்னுக்குப் பத்தரை, லண்டனுக்குப் பதினொன்று. டொரண்டோவுக்கு நேரே விமானம் கிடையாது. நடுவில் எங்கே இறங்குகிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். பாலத்துக்குப் பக்கத்திலிருக்கும் பழக்கடைக்காரர் தன் மகனைக் கட்டாருக்கு அனுப்புவதற்கு முன் என்னைத் தேடி வந்து கேட்டுவிட்டுப் போனார். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சொன்னதை அவர் நம்பவில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. இருபது வருடமாகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய் வருகிறேன். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, புறப்படும் வாசலோடு நின்றுவிடுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வந்தவர்கள் சொன்னதுதான். ஆட்களை ஏற்றிக்கொண்டு மினுவாங்கொடையைத் தாண்டுவதற்குள் கேட்டுவிடுவேன், "எத்தனை மணிக்கு ஏறுனீங்க, எத்தனை மணிக்கு எறங்குனீங்க?" என்று. சிலர் அந்த ஊர் நேரத்தையும் நம்முடைய நேரத்தையும் குழப்பிக்கொண்டு, லண்டனிலிருந்து வரப் பதினைந்து மணித்தியாலம் பிடித்தது என்பார்கள். நான் திருத்திச் சொல்வேன். நேரில் போய் வந்தவர்களை, போகாத நான் திருத்துவேன். அவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

போகிறவர்கள் யாரும் தூரத்தைக் கேட்பதில்லை. லண்டனுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றால் எங்கள் ஆட்களுக்கு அது வெறும் இலக்கம். மலைநாட்டில் தூரம் என்பதே நேரம்தான். வத்தேகமையிலிருந்து கண்டிக்கு எத்தனை கட்டை, எத்தனை மைல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பஸ் எவ்வளவு நேரம் எடுக்கும் என்றுதான் கேட்பார்கள். வேனில் அந்தக் கேள்வி பெரும்பாலும் கலகெதர வளைவுகளில் வரும். வீட்டில் தொடங்கிய அழுகை அந்த இடத்தில் ஒருவாறு அடங்கியிருக்கும். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு தாய் கேட்பாள், "எவ்வளவு நேரம் தம்பி அந்தரத்துல போகணும்?"

கேட்கிறவரின் முகத்தைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சில முகங்களுக்காக நான் நேரத்தைக் குறைத்திருக்கிறேன். பெரிதாக இல்லை, ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம்.

என் மகளுக்கு மட்டும் சரியாகச் சொன்னேன். அவள் தாதி வேலைக்கு லண்டன் போனது நான்கு வருடத்துக்கு முன்பு. என் வேனில்தான் கொண்டுபோய் விட்டேன். "எத்தனை மணித்தியாலம்ப்பா?" என்றாள். "பதினொண்ணு" என்றேன். அவள் உள்ளே போன பிறகு, விமானம் கிளம்பும் நேரம்வரை வெளியே நின்றுவிட்டு நான் தனியாகத் திரும்பி வந்தேன். கிரிஉல்லவில் தேநீர் குடித்தபோது இப்போது கடலுக்கு மேல் இருப்பாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து வேனைக் கழுவினேன். பின்பு ஒரு தடவை துடைத்தேன். பிறகு தேவையில்லாமல் டயருக்குக் காற்றும் பார்த்தேன். பதினொரு மணித்தியாலமும் முடிந்து, மேலே ஒரு மணித்தியாலமும் போய், "எறங்கிட்டேன்ப்பா" என்று போன் வந்த பிறகுதான் சோறு இறங்கியது. அவ்வளவு நீண்ட நாள் எனக்கு வேறு இல்லை.

போன வருடம் அவள் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பினாள். ஜூன் மாதம், பகல் ஒன்றேகால் விமானம். இரண்டு மாதம் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்றாள். நான் உடனே சரி என்றேன். தயங்கியது என் மனைவி. அவள் இருபத்தைந்து வருடம் கார்மென்ட் தொழிற்சாலையில் மெஷின் மிதித்தவள். அதில் இடுப்புப் போய்விட்டது. நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாது.

"எவ்வளவு நேரங்க ஒக்காரணும்?" என்று கேட்டாள்.

பதினொன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள், "கதிர்காமம் போனமே, அன்னைக்கு வழியில நின்னு நின்னு ஒம்பது மணித்தியாலம். அதுக்கு மேல என்னால முடியாது, சொல்லிட்டேன்."

"அதே ஒம்பதுதான்" என்றேன்.

"சத்தியமா?"

"நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அவள் பெட்டி கட்டத் தொடங்கினாள்.

புறப்பட்ட அன்று விடியற்காலை என் கூட்டாளி ஒருவர் தன் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டார். என்னைவிட வயதில் இளையவர், நான்தான் அவருக்கு இந்தத் தொழிலைக் காட்டிக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எயார்போட் வேனில் பின் சீட்டில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. குருநாகலைத் தாண்டியதும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணும் யோசிக்காதீங்க. ஏறி ஒக்காந்ததும் சாப்பாடு தருவாங்க. ஒரு தூக்கம் போட்டா பாதி தூரம் போயிரும்."

அது வரிக்கு வரி நான் ஆட்களுக்குச் சொல்வது. என்னிடமிருந்துதான் படித்திருக்கிறார். அதைக் கேட்கும்போது எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. மனைவியோ ஜன்னலில் தலையைச் சாய்த்து அழகாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

வாசலில் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டுக் கூட்டாளி கையைக் காட்டினார். நான் இருபது வருடம் நின்ற இடத்தில் அவர் நின்றார். நான் உள்ளே போனேன். உள்ளே எங்கே போவது என்று தெரியவில்லை. ஆட்களிடம் "நேரா போய் எடது பக்கம்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நேரே போய் இடது பக்கம் திரும்பினால் கழிவறைதான் இருந்தது.

விமானத்தில் மனைவிக்கு ஜன்னலோரம் கிடைத்தது, எனக்கு நடைபாதையோரம். நடைபாதைக்கு அந்தப் பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஏறியவுடன் கண்ணை மூடிக்கொண்டாள். பழக்கப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டேன். விமானம் ஓடத் தொடங்கியபோது நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். சக்கரம் தரையை விட்ட கணத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. மனைவி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஐயோ, தென்ன மரமெல்லாம் கத்தரிச் செடி மாதிரி இருக்குங்க!" என்று சிரித்தாள்.

முன் சீட்டின் முதுகில் ஒரு சின்னத் திரை இருந்தது. பணிப்பெண் ஒரு தடவை தொட்டுக் காட்டினாள். அதில் வரைபடம் வந்தது. சின்னதாக ஒரு விமானம், போக வேண்டிய தூரம், போக வேண்டிய நேரம், வேகம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. மணிக்கு எண்ணூற்றைம்பது கிலோமீட்டர். மலையில் நான் மணிக்கு முப்பது போனால் பெரிய விஷயம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நான் மூன்றரை மணித்தியாலம் மிதிக்கிற தூரத்தை, கொடுத்த தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் இவர்கள் தாண்டியிருந்தார்கள். எனக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

மனைவி சாப்பிட்டாள், தூங்கினாள், எழும்பினாள், கீழே பாலைவனத்தைப் பார்த்தாள், மறுபடி தூங்கினாள். நான் தூங்கவில்லை. வேறு யாரோ ஓட்டும்போது சாரதிக்குத் தூக்கம் வராது. தூரப் பயணத்தில் முன் சீட்டில் இருப்பவர் சாரதியிடம் பேசிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் அவர் கண்ணயர்ந்துவிடுவார். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணிடம் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டேன், ஓட்டுகிறவரோடு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளே ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள், நன்றாகப் பேசுவார்கள் என்றாள். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

சூரியன் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் மேற்கே போகிறோம், சூரியனும் மேற்கே போகிறது. ஏறும்போது இருந்த பின்னேர வெயில் அப்படியே கூட வந்தது. என் கைக்கடிகாரத்தில் இரவு எட்டு ஆனது, ஒன்பது ஆனது. ஜன்னலில் வெயில். இவ்வளவு நீளமான பின்னேரத்தை நான் கண்டதில்லை.

கடிகாரம் பத்தேகாலைக் காட்டியது. மனைவி எழும்பினாள். போர்வையை நான்காக மடித்தாள். செருப்பைத் தேடி மாட்டினாள். கைப்பையை மடியில் எடுத்து வைத்து, சேலைத் தலைப்பைச் சரி செய்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்டியில் பஸ் நிலையம் நெருங்கும்போது உட்காருவது போலவே உட்கார்ந்தாள்.

"வந்துருச்சாங்க?"

திரையில் போக வேண்டிய நேரம் இரண்டு மணித்தியாலத்துக்கும் கூட என்று காட்டிக்கொண்டிருந்தது. கையால் மறைத்தேன்.

"கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா? ஒம்பது மணித்தியாலம் முடிஞ்சிருச்சே. நான் மணி பாத்துக்கிட்டுத்தானே வர்றேன்."

"எதிர்க்காத்து போல. சில நாள் அப்படித்தான்."

"நீங்கதானே சொன்னீங்க, லண்டனுக்கு ஒம்பதுன்னு!"

அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கண்ணைத் திறந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணன், நீங்க கட்டுகஸ்தோட்ட வேன் அண்ணன்தானே?"

"ஆமா" என்றேன்.

"எட்டு வருஷத்துக்கு முந்தி என்னையும் எங்கட உம்மாவையும் எயார்போட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஞாபகம் ஈக்கா? உம்மா வழி நெடுக அழுதுக்கிட்டே வந்தா."

வழி நெடுக அழுத தாய்மார்கள் எனக்கு எத்தனையோ பேர். ஆனால் அவள் சொல்லச் சொல்ல ஞாபகம் வந்தது. கலியாணம் முடித்து, லண்டனிலிருந்த கணவனிடம் முதல் தடவை தனியாகப் போன பெண். தாய் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "எத்தனை மணித்தியாலம் மகன்?" என்று கேட்டார். நான் கண்ணாடியில் பார்த்தேன். அந்த முகத்துக்குப் பதினொன்று தாங்காது என்று பட்டது.

"உம்மாட்ட நீங்க ஒம்பது எண்டு செல்லினீங்க. நான் பின்னால ஈந்து கேட்டுக்கிட்டு வந்தேன். ஒம்பது மணித்தியாலம் முடிஞ்சிச்சு, பிளேன் எறங்கல்ல. பக்கத்துல வெள்ளக்காரர். கேக்கவும் வெக்கம். பிளேன் வழி தவறிட்டு எண்டே முடிவு பண்ணிட்டேன். எனக்குத் தெரிஞ்ச துஆ எல்லாம் ஓதினேன். ரெண்டு மணித்தியாலம் அண்ணன்! எறங்கினதும் மாப்பிள்ளட கையப் புடிச்சி அழுதேன். அவர், தன்னப் பாக்காம ஈந்த துக்கத்துல நான் அழுறேன் எண்டு நெனச்சிட்டார்."

"மன்னிச்சிருங்க" என்றேன். "ஒங்க உம்மாவுக்காகத்தான் கொறச்சுச் சொன்னேன். ஒங்களையும் நெனச்சுப் பாத்திருக்கணும்."

"கோவம் இல்ல அண்ணன். அதுக்குப் பொறகு நாலு தடவ போய் வந்துட்டேன். ஒவ்வொரு தடவயும் ஒம்பதாவது மணித்தியாலம் வந்தா ஒங்கட ஞாபகம் வரும்." அவள் சிரித்தாள். "ஒங்களுக்கு இது எத்தனாவது பயணம்?"

பொய் சொல்ல இனி வழியில்லை. "முதலாவது" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். இரண்டு வரிசை முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மனைவியின் பக்கம் திரும்பினேன். அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எத்தனை மணித்தியாலம்?"

"பதினொண்ணு. கொஞ்சம் கூட."

"வீட்டுலயே சொன்னா என்ன?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்ட."

"வந்திருக்க மாட்டேன்தான்" என்றாள். "எந்திரிங்க" என்று மட்டும் சொல்லி, என்னை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, நடைபாதையோரத்தில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். மனைவியும் அந்தப் பெண்ணும் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பெண்ணின் தாய் வீடு கலகெதரவில். அங்கே புடைவைக் கடை வைத்திருப்பவர் அவளுடைய மாமா, என் மனைவி அவரிடம் துணி வாங்கியிருக்கிறாள். அதிலிருந்து தையல், தையலிலிருந்து இடுப்பு வலி, இடுப்பு வலியிலிருந்து லண்டனில் எந்தக் கடையில் எந்த எண்ணெய் கிடைக்கும் என்பது வரை போனது. அந்தப் பெண் அவளை எழுப்பி நடைபாதையில் இரண்டு தடவை நடக்க வைத்தாள். இப்படி எழும்பி நடக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒன்பது மணித்தியாலமாக வேர் விட்டதுபோல உட்கார்ந்திருக்க மாட்டேன். நான் தனியாக ஜன்னலில் பார்த்துக்கொண்டு வந்தேன். வயல்கள் சதுரம் சதுரமாக வந்தன. வளைவே இல்லாத பாதைகள். இறங்கப் போகிறோம் என்று அறிவித்தபோது மனைவி, "அதுக்குள்ளயா?" என்றாள்.

ஹீத்ரோவில் கடவுச்சீட்டு வரிசையில் நின்று வெளியே வர ஒரு மணித்தியாலம் பிடித்தது. அந்தப் பெண் கடைசிவரை எங்களோடுதான் நின்றாள். அதிகாரி கேட்டதை மனைவிக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். வெளியே அவளுடைய கணவர் காத்திருந்தார். அவள் ஓடிப்போய் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் நேராக என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

"ஒங்களத்தான் எட்டு வருஷமாத் தேடுறேன்" என்றார். "கலியாணம் முடிச்சு வந்த நாளையில இவ என்னக் கண்டு அழுதா எண்டு ஊரெல்லாம் செல்லி வச்சிருந்தேன். பொறகுதான் கத தெரிஞ்சிச்சு. என்ட மானம் போச்சு அண்ணன்!"

நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றபோதுதான் என் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள். தலைமுடியை வெட்டியிருந்தாள். தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். என் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "ஒங்கப்பா என்ன செஞ்சாரு தெரியுமா?" என்பதுதான்.

காரில் போகும் வழி முழுவதும் அந்தக் கதைதான். மகள்தான் ஓட்டினாள். நான் முன் சீட்டில் இருந்தேன். ஒன்பது மணி தாண்டியும் வானத்தில் வெளிச்சம் இருந்தது. கதை முடிந்ததும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் ஏன்ப்பா சரியாச் சொன்னீங்க?"

"ஒன்கிட்ட கொறச்சுச் சொல்லத் தோணல" என்றேன். "நீயும் நானும் ஒரே கணக்கா எண்ணணும்னு நெனச்சேன்."

அவள் கியரிலிருந்து கையை எடுத்து என் முழங்கையை ஒரு தடவை அழுத்தினாள். "ரெண்டு கையாலயும் ஓட்டு" என்றேன்.

மறுநாள் எனக்கு விழிப்பு வந்தபோது அறை முழுவதும் வெளிச்சம். பக்கத்தில் மனைவியைக் காணவில்லை. கீழே சமையலறையில் அவள் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட தட்டையான அடுப்பு, திருகுவதற்கு ஒன்றும் இல்லை. நான் தொட்டேன், அது கீச்சென்று கத்தியது. அவள் தொட்டாள், மறுபடி கத்தியது. அந்தச் சத்தத்தில் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"அம்மா, மணி அஞ்சுகூட ஆகல. இந்நேரத்துல யாராச்சும் எந்திரிப்பாங்களா?"

"வெயிலே வந்துருச்சுடி. நம்ம ஊருல இப்ப ஒம்பதரை. இன்னும் தேத்தண்ணி குடிக்கல."

மகள் ஏதோ ஒரு இடத்தில் விரலை வைத்தாள். அடுப்பு சிவந்தது. மனைவி ஊரிலிருந்து கொண்டுபோன தேயிலையைப் போட்டு, இஞ்சி தட்டி, மூன்று கோப்பையில் ஊற்றினாள். மகள் கதிரையை இழுத்துப் போட்டு, காலை மடக்கி அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கோப்பையைக் குடித்து முடித்து, இன்னொன்று கேட்டாள். ஏழு மணிக்கு அவளுக்கு வேலை. இனிப் போய்ப் படுத்தால் எழும்ப முடியாது என்று சொல்லி, எங்களோடே உட்கார்ந்து, கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் தக்காளி என்ன விலை என்பதிலிருந்து எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கினாள்.